களம் இல்லாத ஊரில் நெல் எங்கே காயும்?

தை பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவின் கிராமச் சாலைகள் பாதியாகக் குறுகிவிடுகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் ரோட்டின் ஒரு ஓரம் நெடுக நெல் பரப்பியிருக்கும். வண்டி ஏறிவிடாமலிருக்க அதன் விளிம்பில் கருங்கல்லும் செங்கல்லும் வேலிக்கிளையும் வரிசையாகக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் கூட்டிக் குவித்துப் படுதா போட்டு மூடுவார்கள். கல்லை எடுப்பவர் குறைவு. விடியற்காலைப் பனிமூட்டத்தில் பால் சொசைட்டிக்குப் போகிறவரும், முதல் பஸ்ஸைப் பிடிக்க வண்டியில் விரைகிறவரும் அந்தக் கல்லில்தான் சறுக்கி விழுகிறார்கள். அப்புறம் தெருவில் வாய்ச்சண்டை, சில சமயம் போலீஸ் புகார். விவசாயிக்குப் பொறுப்பில்லை என்று ஒரு தரப்பு பேசும். ஆறு மாதம் பாடுபட்டவன் நெல்லை எங்கே கொண்டு கொட்டுவான் என்று மறுதரப்பு கேட்கும். இரண்டு தரப்பும் ஒரே ஊர், பல இடங்களில் அடுத்தடுத்த வீடு. ஊருக்குப் பொதுவாக இருந்த களம் கைவிட்டுப் போனதற்கான விலையைத்தான் இவர்கள் இருவரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. களத்தைத் திருப்பித் தராமல் இவர்களை மட்டும் கண்டிப்பதில் நியாயம் இல்லை.

நெல் ஏன் ரோட்டுக்கு வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் வைத்து அறுத்த காலத்தில் தாள் அரி அரியாக வயலில் கிடந்து, கட்டாகக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றி முடிப்பதற்குள் நெல் பாதி காய்ந்துவிடும். இப்போது பெல்ட் அறுவடை மிஷின் இறங்கினால் மதியம் வரை பயிராக நின்றது மாலைக்குள் டிராக்டர் பெட்டியில் நெல்லாகக் கிடக்கிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருப்பது சகஜம். அதை 21 சதவீதத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர, 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். இதற்குத் தை மாதம் தரும் நேரமோ கொஞ்சம். பனி விலகிக் கதிரவன் சுடுவதற்குப் பத்து மணி ஆகிறது. நாலு மணிக்கு மேல் வெயிலில் சாரமில்லை. இரவில் திறந்து போட்டால் பகலில் காய்ந்தது பனியில் மறுபடி நனையும். அப்படி நனைந்து காய்ந்த நெல் அரைவையில் நொய்யாக உடையும்.

இடக் கணக்கு இன்னும் கடினம். ஏக்கருக்கு 24 குவிண்டால் என்று வைத்துக்கொண்டு, நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் சுமார் 1,100 சதுர அடி வேண்டும். 3.75 மீட்டர் அகலமுள்ள கிராமச் சாலையில் பாதியை எடுத்துக்கொண்டால் அது 55 மீட்டர் நீளம். ஐந்து ஏக்கர் அறுத்தவருக்குக் கால் கிலோமீட்டருக்கு மேல். வயலிலேயே காயப்போடலாமே என்பார்கள். சம்பா வயலின் மண் அப்போது ஈரமாக இருக்கும். அதோடு அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து, தாளடியில் முளை கண்டிருக்கும். அதன்மேல் நெல்லைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? மாடி வீடு உள்ளவர் மாடியில் காயவைத்துக்கொள்வார். குத்தகைக்கு உழுகிறவருக்கு, ஓட்டு வீட்டுக்காரருக்கு, ரோட்டை விட்டால் வேறு தரை கிடையாது.

ரோடு நெல்லுக்கு நல்லது என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. சக்கரம் ஏறினால் மணி உடையும், தார்ச்சூட்டில் வெடிக்கும், மண்ணும் ஜல்லியும் கலக்கும். கல், மண் போன்ற கலப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் கொள்முதலில் தள்ளுபடிக்குக் காரணம். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். காயாத நெல்லை வியாபாரி கேட்கும் விலைக்குத் தள்ளிவிடாமல் இந்தத் தொகையைக் கையில் வாங்கத்தான் இத்தனை பாடும். பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்தினால் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு வழிசெய்கிறது. விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் பக்கம் சட்டம் நிற்பது சரிதான். ஆனால் அபராதத்தால் நெல் காயாது. மறுநாள் அதே நெல் வேறு ரோட்டில் கிடக்கும்.

கிராமத்துக்குப் பொதுக்களம் என்பது புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. வருவாய்க் கணக்கில் 'களம் புறம்போக்கு' என்றே வகைப்படுத்தப்பட்ட நிலங்கள் இருக்கின்றன. மிஷின் வந்து கதிரடிப்பு நின்றதும் களத்துக்கு வேலையில்லை என்று ஊர் நினைத்துவிட்டது. கொட்டகை வந்தது, வைக்கோல் போர் வந்தது, வேலி வந்தது, கட்டடமும் வந்தது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் அளித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கிராமப் பொதுநிலங்களில் களத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அரசே கொடுத்த இடங்கள், பள்ளி, மருந்தகம் போன்றவை அமைந்த இடங்கள் ஆகியவற்றுக்கு அதே தீர்ப்பு விலக்குக்கு வழிவிட்டிருக்கிறது. ஆகவே களத்தை மீட்டால் ஏழைகளின் குடிசை போய்விடும் என்ற அச்சத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. மீட்க முடியாத இடத்தில் வேறு புறம்போக்கில் புதுக்களம் போடலாம். தொகுதி மேம்பாட்டு நிதியில் சிமென்ட் களம் பல ஊர்களில் கட்டப்பட்டுத்தான் வருகிறது.

என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கும் ஆட்சேபம் வேறு. களம் என்ன சமத்துவ பூமியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி. பழைய தஞ்சை மாவட்டத்தில் மிராசுதார் கண்ணெதிரே கூலி நெல் அளக்கப்பட்ட இடம் அது. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்தவர்களின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்ட வரலாற்றை மறந்துவிட்டு, பழைய களத்தை ஏதோ பொற்காலம்போல் பேசக்கூடாது. அதனால்தான் களம் ஊராட்சியின் பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன். கோயில் பெயரிலோ, பெரிய வீட்டு வாசலுக்கு எதிரிலோ, ஒரு தெருவுக்கு மட்டும் எட்டும் தூரத்திலோ அமைந்தால் குத்தகைக்காரரும் காலனித் தெருக்காரரும் மறுபடி ரோட்டில்தான் நிற்பார்கள்.

ஈரப்பத வரம்பைத் தளர்த்தினால் போதும், களம் எதற்கு என்போரும் உண்டு. மழை கெடுத்த பருவங்களில் தளர்வு கேட்பது நியாயம்தான். மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் டெல்டாவுக்குப் பழகிய காட்சி. ஆனால் தளர்வு நெல்லில் உள்ள தண்ணீரை வெளியேற்றுவதில்லை. ஈர நெல்லை மூட்டையாக அடுக்கினால் உள்ளே சூடேறி அரிசி பழுக்கும், மழை பட்டால் முளைக்கும். விவசாயியின் நஷ்டம் நெல்லைக் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. உலர்த்தும் இயந்திரங்கள் வரட்டும், அடைமழை நாளில் அவைதான் கைகொடுக்கும். வெயில் சும்மா கிடைக்கிற தை மாதத்தில் டீசலுக்கும் வாடகைக்கும் இரண்டு ஏக்கர்க்காரர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஜனவரி 26 கிராம சபை டெல்டாவில் அறுவடை மும்முரத்தில்தான் கூடுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, களம் என்று பதிவான சர்வே எண்களை அங்கே உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்த எண்ணில் இப்போது என்ன இருக்கிறது என்பது கூடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதைத் தீர்மானத்தில் எழுத வேண்டும். களம் கிடைத்த ஊரில் முறை வைப்பதும் சபையின் வேலை: மிஷின் பதிவு செய்த நாளை வைத்து வரிசை, ஒருவருக்கு இரண்டு நாள், மாடியோ சொந்தக் களமோ இல்லாதவருக்கு முதல் உரிமை. களம் தயாராகும் வரை, ரோட்டில் காயவைப்பவர் இருட்டுவதற்குள் கல்லை எடுத்துவிட வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.