ஜிம்மில் ஹார்மோன் ஊசியா? உடனே நிறுத்துங்கள்!

தோள் விரியும், மார்பு எழும்பும் என்று ஆசை காட்டி, இருபது வயதுப் பையன்களுக்கு வளர்ச்சி ஹார்மோனையும் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்து ஏற்றும் ஜிம் பயிற்சியாளர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். டாக்டர் சீட்டு கேட்காமல் அவற்றை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம். இப்படி ஊசி ஏற்றுவதற்கு 'சைக்கிள் போடுவது' என்று பெயர். சில வாரம் ஊசி, பிறகு இடைவெளி, மறுபடி ஊசி. இடைவெளியில் உடம்பு தானே சரியாகிவிடும் என்று பையன்களை நம்பவைக்கிறார்கள்.

நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து ஏறியதும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. புஜம் பருக்கிறது, விரை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி முடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 பேரில் 157 பேருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாமல் போனது. கருத்தடையாகச் சோதித்த மருந்தை ஆண்மைக்கு என்று விற்பது பச்சை மோசடி.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு விந்தணு திரும்பும், உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகலாம். ஜிம்மில் கைக்கு வந்தபடி கலந்து போட்டவனுக்கு என்ன மிஞ்சும் என்று எந்தப் பயிற்சியாளர் உத்தரவாதம் தருவார்?

வளர்ச்சி ஹார்மோன் ஆபத்தில்லாதது என்ற பேச்சும் பொய். தேவையில்லாதவருக்கு அது சர்க்கரையை ஏற்றும், மூட்டை வீங்கவைக்கும், விரல்களை மரத்துப்போகச் செய்யும். ஆண் மலட்டுத்தன்மைக்கு அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் அல்ல.

ஊசியால் வரும் மலட்டுத்தன்மையின் பழி யார் தலையில் விழுகிறது? கல்யாணமாகிக் குழந்தை தங்கவில்லை என்றால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, விரதம், மாமியார் பேச்சு எல்லாம் மருமகளுக்குத்தான். ஊசி போட்ட கதையைக் கணவன் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. கடைசியில் அவனுடைய விந்துப் பரிசோதனை அறிக்கையில், எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' (ஏதுமில்லை) என்று வருகிறது. அதற்குள் அந்தப் பெண் பட்ட அவமானத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆண் ஹார்மோன்கள் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் உள்ளவை. சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சட்டம் இருக்கிறது, சோதனைதான் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஜிம்களுக்குள்ளும் நுழைய வேண்டும். சீட்டில்லாமல் விற்ற கடையின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். விந்தணு குறைவு என்று வருபவருக்கே டெஸ்டோஸ்டிரோன் எழுதித் தரும் மருத்துவர்களை மருத்துவ கவுன்சில் விசாரிக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்பவருக்கு அதைத் தரக்கூடாது என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

ஊசி ஏற்றிய பயிற்சியாளர்களுக்கு ஒன்று: என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை வாரம் என்பதை அந்தப் பையன்களிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். நாளை சிகிச்சை தரப்போகும் டாக்டருக்கு அது தேவைப்படும்.