நட்சத்திரம் கோணலாகவே இருக்கட்டும்



டிசம்பர் பிறந்ததும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், எங்க அபார்ட்மெண்ட்ல கிறிஸ்மஸ் பார்ட்டி. முப்பது பிள்ளைங்க வருவாங்க. என்ன செய்யச் சொல்லலாம்?" "பெரியம்மா, சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஈஸியா ஒரு கிராஃப்ட் சொல்லுங்க." தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான கைவேலை என்றால், முதல் மடிப்பிலிருந்து கடைசிப் பசை வரை அந்தப் பிள்ளையே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பெரியவர் வாங்கிச் சரிசெய்து கொடுக்க வேண்டியிருந்தால், அது பிள்ளையின் பெயரை ஒட்டிக்கொண்ட பெரியவரின் வேலை. "ஈஸியா சொல்லுங்க" என்று கேட்கும்போது யாருக்கு ஈஸி என்பதை நாம் யோசிப்பதில்லை.

இன்றைக்குக் கடைகளில் 'கிட்' விற்கிறார்கள். வெட்டி வைத்த மரம், வெட்டி வைத்த தாத்தா, பின்னால் ஸ்டிக்கர். உரித்து ஒட்டினால் முடிந்தது. பத்து நிமிடத்தில் முப்பது மேஜையிலும் முப்பது ஒரே மாதிரித் தாத்தாக்கள். போட்டோவுக்கு அழகுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் விரல் என்ன கற்றுக்கொண்டது? ஸ்டிக்கர் உரிக்க. அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு பக்கம், யூடியூபைப் பார்த்துப் பதினைந்து படி உள்ள வேலையைத் தேர்ந்தெடுப்பவர்கள். அங்கே நடப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மூன்றாவது படியில் பிள்ளை திணறும். அம்மா "குடு, நான் பண்றேன்" என்று வாங்கிக்கொள்வாள். பிறகு அம்மாக்கள் எல்லோரும் தலை குனிந்து மும்முரமாக ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அம்மாக்களின் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரு விழாவில் பிள்ளைகள் செய்த நட்சத்திரங்களை மறுநாள் தொங்கவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக, கோணலாக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்களே புதிதாகச் செய்து மாட்டிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். மறுநாள் ஒரு சின்னப் பிள்ளை ஒவ்வொரு நட்சத்திரத்தின் அடியிலும் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் தன்னுடையதில் ஒரு மூலையில் பச்சை க்ரேயானால் புள்ளி வைத்திருந்தாளாம். அது எதிலும் இல்லை. அவள் அழவில்லை. "அப்ப என்னுது நல்லா இல்ல போல" என்று அவள் அண்ணனிடம் சொன்னாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கு டீச்சர் காகிதம் மடிப்பதைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று சிலர் சிரிப்பீர்கள். சொல்கிறேன். ஐரோப்பாவில் பல வீடுகளில் கிறிஸ்மஸுக்குத் தொங்கும் பல முனை மொரேவியன் நட்சத்திரம் இருக்கிறதே, அது 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொரேவியன் சபையார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில், வடிவியல் பாடமாகப் பிறந்தது. கணக்கு வகுப்பில் பையன்கள் செய்த காகித வேலைதான் பிறகு வீடு வீடாகப் போனது. நம் ஊர்க் கதையும் உண்டு. சுந்தர ராவ் என்பவர் 1893-ல் சென்னையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். வெறும் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்கும் புத்தகம். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு ஃபிரோபெல் வகுத்த காகித மடிப்பிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. பிறகு அமெரிக்காவிலும் அதைப் பதிப்பித்தார்கள். ஆகவே காகிதம் மடிப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நான் சொல்லப்போவது நான்கே நான்கு. நான்கையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இரண்டு போதும்.

முதலாவது, வளையச் சங்கிலி. ஏ4 கலர் பேப்பரைக் குறுக்குவாட்டில் 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் 14 பட்டை கிடைக்கும். ஒரு பட்டையை வளைத்து ஒட்டு. அடுத்ததை அதற்குள் நுழைத்து ஒட்டு. அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது வரும். ஒரு பிள்ளைக்கு ஐந்து வளையம் என்றால் முப்பது பிள்ளைக்கு 150 வளையம், பதினோரு தாள். எல்லாவற்றையும் கோர்த்தால் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் வரும், ஒரு ஹாலின் சுவருக்குத் தாராளம். பெரிய பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை முதலிலேயே ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். யார் ஊகம் பக்கத்தில் வந்தது என்று பார்ப்பதே ஒரு விளையாட்டு.

இரண்டாவது, விசிறி நட்சத்திரம். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஏ4 தாளின் குட்டைப் பக்கத்தில் ஆரம்பித்து, 2 செ.மீ. அளவில் முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடிக்க வேண்டும். கடைசியில் 21 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை கிடைக்கும். இரண்டு நுனியையும் சாய்வாக வெட்டி, நடுவில் நூல் கட்டி, பட்டையை இரண்டாக வளைத்து, உள்பக்கம் சேரும் ஓரங்களை ஒட்டினால் அரை வட்டம் விரியும். ஒரு பிள்ளை செய்வது அரை நட்சத்திரம்தான். பக்கத்தில் இருப்பவரின் அரையோடு சேர்த்தால்தான் முழு நட்சத்திரம். நீலமும் சிவப்பும் சேரட்டும். பெயர் தெரியாத இரண்டு பிள்ளைகள் "உன்னோடதையும் என்னோடதையும் ஒட்டலாமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். பார்ட்டி என்பது அதற்காகத்தானே. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது சரியாக இருக்கும்.

மூன்றாவது, கடலை ஓட்டுத் தொட்டில். வேர்க்கடலையைப் பிளந்தால் கிடைக்கும் பாதி ஓடுதான் தொட்டில். உள்ளே கொஞ்சம் பஞ்சு, மேலே துண்டுத் துணியில் சுற்றிய ஒரு கொண்டைக்கடலை. கண்ணும் வாயும் பேனாவால். குழந்தை இயேசு தயார். அசிசி நகர் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது, வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமாக எளிமையாகத்தான் அமைத்தார். மின்னும் பிளாஸ்டிக் குடிலைவிடக் கடலை ஓடு அந்தக் காட்சிக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். ஆடு மாடு வேண்டுமென்றால் இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு உப்பு, தேவைக்குத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து கொடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்தால் கெட்டியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகள் இருக்கும் மேஜையில் கடலை, மணி, பட்டன் எதுவும் கூடாது. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்வார்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அப்படி ஒரு பிள்ளை வருவதாக இருந்தால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

நான்காவது, கட்டைவிரல் வாழ்த்து அட்டை. அட்டையில் வளைந்து வளைந்து ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் பேடிலோ வாட்டர் கலரிலோ விரலை வைத்து அந்தக் கோட்டின் கீழே வரிசையாகப் பதித்தால் சீரியல் பல்ப் மாலை வந்துவிடும். ஒருவர் ரேகை மாதிரி இன்னொருவருக்கு இருக்காது. அந்த அட்டையை வேறு யாராலும் செய்ய முடியாது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். முகம் மலர்வதைப் பாருங்கள். அட்டையைத் தாத்தா பாட்டிக்குத் தபாலில் அனுப்புங்கள். என்னைப் போன்றவர்கள் அதை அலமாரியில் வருஷக்கணக்கில் வைத்திருப்போம்.

இனி நடத்துகிறவர்களுக்கு.

கைவேலையைக் கேக்குக்கு முன்னால் வையுங்கள். க்ரீம் கையோடு காகிதம் தொட்டால் எல்லாம் பாழ். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு மேஜைக்கு ஆறு பிள்ளைகள், பெரியவர் ஒருவர் போதும். ஒரே வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். எட்டு வயது அக்கா பக்கத்தில் நாலு வயதுத் தம்பி இருந்தால், நாம் சொல்லித் தருவதைவிட அவள் நன்றாகச் சொல்லித் தருவாள். மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் மேஜைக்கு இரண்டு போதும். மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளப் பழகட்டும். இடதுகைப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் சரியாக வெட்டாது. அவர்கள் கையில் குறை இல்லை, கத்தரிக்கோலில்தான். ஃபெவிகாலைச் சின்ன மூடிகளில் ஊற்றி, காதுக் குச்சியால் தொட்டுப் பூசச் சொல்லுங்கள். மினுக்குத் தூள் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் துகள். கண்ணில் விழும், பெருக்கினாலும் போகாது, கழுவினால் சாக்கடை வழியே தாமிரபரணிக்கோ கடலுக்கோதான் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே பிளாஸ்டிக் தூளாக விற்பதற்குத் தடை கொண்டுவந்துவிட்டது.

பெரியவர்களுக்கு நான் வைக்கும் சட்டம் ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை கேட்டால், உங்களுக்கென்று தனியாக ஒரு தாள் எடுத்து அதில் செய்து காட்டுங்கள். பிள்ளையின் தாளைத் தொடாதீர்கள்.

பரிசும் வேண்டாம். "முதல் பரிசு, இரண்டாம் பரிசு" என்று வைத்த நிமிடமே அம்மா அப்பாக்களின் கை உள்ளே வந்துவிடும். போட்டி வைக்க வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்கிறது. "போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வராது" என்று என் மருமகனே வாதாடுவார். பசையும் காகிதமும் கையில் கிடைத்த பிள்ளைக்கு ஆர்வம் வராமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை என்பதுதான் அவருக்கு என் பதில்.

கூட்டுப் பார்ட்டிகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். கார்த்திகைக்கு விளக்கு வைக்கும் வீட்டுப் பிள்ளையும் ரம்ஜானுக்கு நோன்பு இருக்கும் வீட்டுப் பிள்ளையும் வரும். வளையமும் நட்சத்திரமும் அட்டையும் யாருக்கும் சங்கடம் தராது. தொட்டில் செய்ய விருப்பமில்லாத பிள்ளை மாவில் ஆடு செய்யட்டும். ஏன் என்று கேட்க வேண்டாம். சாமான்களைப் பொதுவில் வாங்குங்கள். "வீட்டிலிருந்து கொண்டு வா" என்றால் ஒரு பிள்ளை அறுபது நிறப் பெட்டியோடு வரும், இன்னொன்று கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வரும்.

கடைசியாக, செய்தவற்றை எல்லாம் தொங்கவிடுங்கள். கோணலானதையும், பசை வழிந்ததையும், ஐந்து முனைக்குப் பதிலாக ஏழு முனை வந்ததையும். பிள்ளைகளின் கண் மட்டத்தில் தொங்கவிடுங்கள். பின்னால் அவரவர் பெயரை அவரவரே எழுதட்டும். முதலில் போட்டோவுக்கு எது நன்றாக இருக்கும் என்று தேடாதீர்கள். ஒரு பிள்ளை வந்து தன்னுடையதைத் தேடினால் அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

இந்த வருஷம் நீங்கள் நடத்தப்போகும் இடத்தில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கீழே எழுதுங்கள். எத்தனை தாள் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஆனால் முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். நான் சரிபார்த்துத் தருகிறேன்.

எல்லோருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

உங்கள் டீச்சர்