ஆறுமணிக் குருவிக்குக் கொஞ்சம் சருகு

சங்கப் பாடல்களுக்கு உரை எழுதியவர்களையும், அவற்றை வகுப்பில் நடத்துகிற எங்களைப் போன்றவர்களையும் நெடுங்காலமாகக் காப்பாற்றிவருகிற தொடர் ஒன்று உண்டு: ‘ஒருவகைப் பறவை’. குருகா, ஒருவகைப் பறவை. சிரலா, அதுவும் ஒருவகைப் பறவை. மாணவன் குறித்துக்கொள்கிறான்; தேர்வில் எழுதுகிறான்; மதிப்பெண்ணும் பெறுகிறான். சங்க இலக்கியப் புள்ளினங்களைப் பற்றிப் பி.எல். சாமி தனி நூலே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் புரட்டத்தான் நமக்கு நேரமில்லை. கருப்பொருள்களில் புள்ளையும் சேர்த்து எண்ணிய தொல்காப்பியரை மனப்பாடமாகச் சொல்லும் நாம், சன்னலுக்கு வெளியே கூவுவது எது என்று கேட்டால் விழிக்கிறோம்.

இந்த வெட்கம்தான் எங்களில் சிலரை ஞாயிறு காலைகளில் தென்சென்னையின் ஒரு சிறு பூங்காவுக்கு அனுப்பியது. வழிகாட்டி வேண்டாம், கைப்பேசியையும் வெளியே எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டோம். அவர் விரல் நீட்டிய திசையில் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு நகர்வது, உரையைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததாகச் சொல்வது போன்றது என்பது எங்கள் கட்சி. (உரையின்றி மூலம் புரியாத நாள்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

முதலில் கிடைத்தது ஓர் அடி. கவிதைகளில் நாம் பெண்ணாக்கிவைத்திருக்கும் குயிலின் புகழ்பெற்ற கூவல், கறுத்த ஆணுடையது. புள்ளி விழுந்த பழுப்புநிறப் பெட்டை ‘கிக் கிக்’கென்று விரைந்து கத்திவிட்டுப் பறந்துவிடுகிறது. எத்தனை கவியரங்கங்கள்!

ஐப்பசியில் ஒரு காலை, வேலியோர மூலையில் கூட்டாமல் விட்ட சருகுக் குவியலுக்குள் ஏதோ கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை, குட்டை வால், அதன் அடியில் செங்குருதி நிறம். ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சீழ்க்கையடிப்பதால் இந்தப் பெயர். நாழிகைக் கணக்கில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயராக இது இருக்க முடியாது. கடிகாரம் புழக்கத்துக்கு வந்த பிறகே பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் பறவையைப் பார்ப்பதும் அதற்குப் பெயரிடுவதும் சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. மக்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியவர்கள் நாம்தான், தமிழ்த் துறைக்காரர்கள்.

அடுத்த ஞாயிறு அந்த மூலை மெழுகிய முற்றம் போலிருந்தது. சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்று வாழும் பறவைக்கு மெழுகிய முற்றத்தில் என்ன வேலை? கூட்டியவர்மீது குற்றமில்லை. அவர் சொன்னதைச் செய்கிறார். சொல்ல வைப்பவர்கள் காலை நடைக்கு வரும் நாம். “சருகு கெடந்தா பாம்பு வரும் சார்” என்றார் அன்றாடம் நடக்க வரும் பெரியவர் ஒருவர். அவருடைய அச்சத்தை நாங்கள் எள்ளவில்லை. நடைபாதையையும் குழந்தைகள் ஆடுமிடத்தையும் நாள்தோறும் கூட்டட்டும். யாரும் கால்வைக்காத வேலியோரத்தையும் ஏன் கூட்ட வேண்டும் என்பதே எங்கள் கேள்வி. அங்கே விழுந்த இலை அங்கேயே மக்கினால் உரமும் வாங்க வேண்டியதில்லை.

இயற்கை என்றதும் முதுமலைக்குப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்ட விரும்புகிறோம். அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பத்தி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதியவர். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாகக் கிடைக்கின்றன. அதிலொன்றைப் பாடமாக வைத்து, மாணவரை ஒரு காலை பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் தடையென்ன? பாடத்திட்டக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

வேலியோரம் மூன்று முழ அகலத்துக்குச் சருகை விட்டுவைக்கக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். பாம்புக்கு அஞ்சிய பெரியவர் எட்டாவதாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், மூன்று முழத்தை இரண்டாகக் குறைத்தால்.