எந்தக் குளோரின் மலிவு? ஒரு பழவேற்காட்டுக் கணக்கு

புதிதாக நீச்சல் குளம் கட்டுகிறவருக்கு ஒரு பெரிய கவலை வரும். மாத்திரை போடுவதா, திரவக் குளோரின் ஊற்றுவதா, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் மெஷின் வாங்குவதா? தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கண் எரியும், தண்ணீர் பச்சையாகும். அவ்வளவுதான். அன்றைக்குக் குளிக்காமல் இருந்துவிடலாம்.

இதே கேள்வி பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் புதிதாகக் கட்டும் குடிநீர்த் தொட்டிக்கும் உண்டு. அங்கே தப்பினால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆனால் நீச்சல் குளத்துக்கு நடக்கும் விவாதத்தில் பாதிகூடக் குடிநீர்த் தொட்டிக்கு நடப்பதில்லை. எந்த மூட்டை மலிவோ, அது வந்து இறங்கும்!

மலிவு என்பது என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தொட்டி 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 60 கிராம். நல்ல புது பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம்தான் குளோரின். ஆக 180 கிராம் பவுடர் போட வேண்டும். ஆனால் இது வெயிலையும் ஈரத்தையும் தாங்காத சரக்கு. கடற்கரைக் காற்றில், வாய் திறந்த மூட்டையில் சில மாதம் கிடந்தால் பாதி வீரியம் போய்விடும். தொட்டி ஆபரேட்டர் அதே 180 கிராமைப் போடுவார். "சரியாகத்தான் போட்டேன்" என்பார். பொய்யும் இல்லை. ஆனால் தண்ணீரில் சேர்வது பாதிதான். பாதி வீரியமான சரக்கை முழு விலைக்கு வாங்கினால், அது இரண்டு மடங்கு விலை. கிலோ விலையைப் பார்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் குளோரினின் விலையைப் பார்க்க வேண்டும்.

சரி, மற்ற வழிகள்?

திரவ ஹைப்போகுளோரைட் வெயிலில் இன்னும் வேகமாக வீரியம் இழக்கும். கேஸ் சிலிண்டர் பெரிய நகரங்களுக்குச் சரி. குடிசைகளுக்கு நடுவே கசிந்தால் யார் ஓடுவது, எங்கே ஓடுவது? நீச்சல் குள மாத்திரையோ, திறந்தவெளிக் குளத்தில் சூரிய ஒளி குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க சயனூரிக் அமிலம் சேர்த்துச் செய்தது. மூடிய குடிநீர்த் தொட்டிக்கு அது தேவையும் இல்லை, உரியதும் இல்லை.

உப்பு மெஷின் கேட்க இனிமையாக இருக்கும். உப்புக்கா பஞ்சம் அங்கே? ஆனால் அதற்குச் சுத்தமான உப்பு வேண்டும், ரிப்பேர் ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கரண்ட் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் கெடுவதும் புயலுக்குப் பிறகுதான், மெஷின் நிற்பதும் அப்போதுதான்.

மிஞ்சுவது 65 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை. சின்னச் சின்ன மூடிய டப்பாவில் வாங்கி வைத்தால் வீரியம் நிற்கும். 90 கிராம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: படகு டீசல் கேன் இருக்கும் அறையில் இதை வைக்கவே கூடாது. எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும்.

எதை வாங்கினாலும் கடைசிக் குழாயில் சோதிக்காவிட்டால் எல்லாம் வீண். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மருந்துத் துளி விட்டு நிறம் பார்க்கும் சின்னப் பெட்டி போதும், ஒரு நிமிட வேலை. குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களிடமே அதைக் கொடுத்துவிடலாம். "மருந்து வாடை அடிக்குது, போடாதே" என்று சண்டை போடுவதும் அவர்கள்தான். நிறத்தைப் பார்த்தால், இருக்க வேண்டிய அளவுதான் இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

குளோரின் கிருமியைக் கொல்லும், உவர்ப்பைப் போக்காது. உவர்ப்பைப் போக்கும் வேலைக்காகவே இதே கடற்கரையில், காட்டுப்பள்ளியில், 2010ல் ஒரு ஆலை திறந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கித் தினமும் 10 கோடி லிட்டர் சென்னைக்குத் தரும் அளவுக்குப் பெரியது. அவ்வளவு செய்யத் தெரிந்த ஊரில், ஒரு குப்பத்துத் தொட்டிக்கு வீரியமுள்ள ஒரு டப்பாவும், நிறம் பார்க்க ஒரு பெட்டியும் கொடுப்பது பெரிய செலவா என்ன?