சாவியும் துப்பாக்கியும்

கேளம்பாக்கம் உப்பளத்தை ஒட்டிய சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களில் ஒருவன் எனக்குச் சிநேகிதன். காவலர் தேர்வுக்குத் தயாராகிறான்.

"சார், போலீஸ்காரன், ஜெயில் வார்டர், தீயணைப்புக்காரன், மூணு பேருக்கும் ஒரே பரீட்சை, ஒரே ஓட்டம், ஒரே கயிறு. போலீஸ் கிடைச்சா துப்பாக்கி. ஜெயில் கிடைச்சா கைத்தடி. இது என்ன சார் நியாயம்?" என்று கேட்டான்.

வார்டருக்கும் போலீஸ் அதிகாரமும் துப்பாக்கியும் தரவேண்டும் என்பது அவன் கட்சி. விஷயம் தெரிந்த பெரியவர்கள் சிலரும் அதே கட்சிதான். நான் அந்தக் கட்சியில் இல்லை.

அவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது 1999 நவம்பர் 17. சென்னை மத்திய சிறையில் கலவரம் மூண்டு, துணை ஜெயிலர் ஜெயகுமாரைக் கைதிகள் எரித்துக் கொன்ற நாள். அந்தக் கொடுமைக்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், கும்பல் சூழ்ந்துகொண்ட ஒற்றை மனிதனின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்து என்ன பயன்? அடுத்த நிமிஷமே அது கும்பலின் கைக்குப் போயிருக்கும். அன்று போலீஸார் சுட்டதில் கைதிகள் பலர் மாண்டார்கள். ஜெயகுமார் திரும்பி வரவில்லை.

சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் பிணமானார்கள். அமெரிக்காவில் அட்டிகா சிறையை 1971-ல் மீட்கப் போனவர்கள் சுட்ட சூட்டில், 29 கைதிகளோடு, பிணையாகப் பிடிபட்டிருந்த சிறை ஊழியர் 10 பேரும் மடிந்தார்கள். யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவர்களையே சுட்டார்கள்!

ஐ.நா. சபை 2015-ல் மண்டேலாவின் பெயரிலேயே வகுத்த விதிகளும் இதைத்தான் சொல்லுகின்றன: கைதிகளோடு நேரில் பழகும் ஊழியர், விசேஷ சந்தர்ப்பம் தவிர, ஆயுதம் தரிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போலீஸ் காவல் வேறு, நீதிமன்றக் காவல் வேறு. பிடித்தவன் கையிலேயே பிடிபட்டவனை விட்டுவைக்கக் கூடாது என்றுதான் சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்புகிறது. வருகிறவன் உடம்பில் உள்ள காயங்களை எழுதிவைக்கவேண்டும் என்று 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டமே சொல்லிவிட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு வந்து, இரண்டொரு நாளில் உயிர்விட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில், "இந்தக் காயம் எப்படி வந்தது?" என்று போலீஸைக் கேட்கவேண்டியவர் சிறைக்காரர். அவரும் போலீஸ் ஆகிவிட்டால் கேட்பதற்கு ஆள் ஏது?

வார்டருக்குப் போலீஸ்காரனுக்குச் சமமான சம்பளம் கொடுங்கள். பதவி உயர்வு கொடுங்கள். ஒருவர் நிற்கும் இடத்தில் மூவரை நிறுத்துங்கள். அவர் கூப்பிட்டால் உடனே ஓடிவர ஆள் இருக்கட்டும். இதற்கெல்லாம் பணம் செலவாகும். துப்பாக்கி கொடுப்பது மலிவு. அதனால்தான் அந்த யோசனை சுலபமாகத் தோன்றுகிறது.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"நீங்க வெளியிலே இருக்கிறவர் சார். உள்ளே போகப்போறவன் நான்" என்றான்.

"உள்ளே போகப்போகிறவன் நீ என்பதால்தான் தம்பி சொல்கிறேன்" என்றேன்.

அவன் பதில் பேசவில்லை. மறுபடி ஓடத் தொடங்கினான்.