அட்டெண்டன்ஸ் வரிசையில கூப்பிடுங்க

பிளேஸ்மென்ட் ஃபார்ம் நிரப்பாத ஃபைனல் இயர் ஆள் நம்ம காலேஜில் இருக்க மாட்டீங்க. பத்தாம் வகுப்பு எத்தனை சதவீதம், பிளஸ் டூ எத்தனை சதவீதம், அரியர் உண்டா. அதில் அந்த இரண்டாவது கட்டத்தில் நாம் எழுதுகிற எண் இருக்கே, அது பரீட்சை எழுதி வாங்கினது இல்லை. நமக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆருக்கும் தெரியும். "ஓ, 2021 பேட்ச்சா?" என்று ஒரு சிரிப்பு வரும். நாமும் சேர்ந்து சிரித்துவிடுவோம். "ஆமா சார், ஆல் பாஸ் பேட்ச்."

நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வரைக்கும்.

இப்போ ஏப்ரல். காலேஜ் முடியப் போகிறது என்றதும் எல்லோருக்கும் திடீரென்று ஸ்கூல் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பிலும் ரீயூனியன் பேச்சு. சித்திரைத் திருவிழா முடிந்து, மே 18 ஞாயிற்றுக்கிழமை மதியம், அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஹோட்டலில் பிரியாணி. கடைசி வரி இப்படி: "குரூப்ல இருக்குற எல்லாரும் கண்டிப்பா வந்துடணும்."

இந்த வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால், ஜூனியர்ஸுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

2020 மார்ச் 4-ஆம் தேதி எங்களுக்கு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ஆரம்பித்தது. 26-ஆம் தேதி கெமிஸ்ட்ரியோடு முடிந்திருக்க வேண்டும். 24-ஆம் தேதி நள்ளிரவில் நாடு முழுக்க லாக்டவுன். மறுநாள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம், நம்ம ஊர் ராஜாஜி ஆஸ்பத்திரியில். மே மாதம் மீனாட்சி கல்யாணத்தை யூடியூபில் பார்த்தோம், அழகர் ஆற்றுக்கே வரவில்லை. ஜூன் 9-ஆம் தேதி அந்த கெமிஸ்ட்ரி தேர்வையும் ரத்து செய்துவிட்டார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் குதித்தேன். ஆர்கானிக் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

அந்த ஜூனில்தான் எங்கள் கிளாஸ் மிஸ் குரூப் ஆரம்பித்தார். பிளஸ் டூ வகுப்பு போனுக்குள் வந்துவிட்டது. லிங்க், பி.டி.எஃப், ஹோம்வொர்க், அட்டெண்டன்ஸ், பர்த்டே விஷ், பிறகு மீம்ஸ். ஐந்து வருஷமாக "நம்ம கிளாஸ்" என்றால் எனக்கு அந்தக் குரூப்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பரவையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு குட்டியானை ஓரங்கட்டியது. வெங்காய மூட்டை லோடு. உள்ளேயிருந்து ஒரு குரல்: "மாப்ள, என்னைய ஞாபகமிருக்கா?"

பிளஸ் ஒன்னில் என் பெஞ்ச்மேட். பேர் வேண்டாம், அவன் கேட்டுக்கொண்டது. ஃபிசிக்ஸ் கணக்கை எங்கள் வரிசையில் முதலில் போட்டு முடிக்கிற ஆள். டீ குடித்தோம். ரீயூனியன் விஷயத்தைச் சொன்னேன். "ஆமா, நீ ஏண்டா குரூப்ல இல்ல?" என்று கேட்டேன், ஏதோ அவன் கோபித்துக்கொண்டு லெஃப்ட் ஆகிவிட்ட மாதிரி.

"எந்தக் குரூப்பு?" என்றான்.

அவன் அப்பா பரவை காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குபவர். 2020 ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, சுற்றியுள்ள ஒன்றியங்கள் எல்லாவற்றுக்கும் தனியாக முழு ஊரடங்கு போட்டார்கள், ஞாபகமிருக்கும். நமக்கு அது தூங்கின மாதம். அவர்கள் வீட்டில் அது கூலி இல்லாத மாதம். வீட்டில் இருந்த ஒரே போன் பட்டன் போன். "கிளாஸ் போன்ல நடக்குதுன்னு தெரியும்டா. அக்கா வீட்டுல போய்த் தினமும் போன் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு." ஃபீஸ் வேறு. ஹைகோர்ட் முதல் தவணையாக 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னபோது என் வீட்டில் "பரவாயில்லையே, குறைச்சிட்டாங்க" என்றார்கள். அவன் வீட்டில் அந்த நாற்பதும் இல்லை. மார்க்கெட் திறந்ததும் அப்பாவோடு போக ஆரம்பித்தவன், அப்படியே போய்க்கொண்டிருக்கிறான்.

2021 ஜனவரி 19-ஆம் தேதி ஸ்கூல் திறந்தார்களே, அப்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. ஒரு ரூமுக்கு 25 பேர், பெஞ்சுக்கு ஒருவர், மாஸ்க், பெற்றோர் கையெழுத்து போட்ட லெட்டர், வர விருப்பமில்லை என்றால் வர வேண்டாம். என் பக்கத்து இடம் காலி. எல்லோர் பக்கத்து இடமும் காலி. யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்?

ஏப்ரலில் பிராக்டிகலுக்கு அவன் வந்திருக்கிறான். மாடிப்படியில் பார்த்தேன். கை காட்டினேன், அவனும் காட்டினான். நான் வேறு பேட்ச், வைவாவுக்கு ஓமின் விதியை முணுமுணுத்துக்கொண்டே மேலே போய்விட்டேன். அவ்வளவுதான். நான்கு வருஷம்.

ஜூன் 5-ஆம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்து. ஜூலை 19-ஆம் தேதி ரிசல்ட். 8,16,473 பேர், நூறு சதவீதத் தேர்ச்சி. மார்க் போட்ட முறை தெரியும்தானே: பத்தாவதில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியில் 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வில் 20, பிளஸ் டூ பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்ந்து 30. அதாவது, என் ஃபிசிக்ஸ் மார்க்கில் பாதி பத்தாவது சோஷியல் சயின்ஸின் புண்ணியம். இந்த மார்க்கை வைத்துத்தான் கட்-ஆஃப் போட்டு, நீங்களும் நானும் இன்ஜினியர் ஆகப் போகிறோம். பதினைந்து வயதில் சுமாராகப் படித்து பதினேழில் விழித்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை, அது தனிக் கதை.

தேர்வை ரத்து செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மே மாதம் தத்தனேரிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். யாரையும் ஃபெயில் ஆக்காததும் சரிதான். என் பிரச்சினை அந்த "நூறு" என்கிற எண்ணோடு. என் பெஞ்ச்மேட்டும் அந்த 8,16,473-இல் ஒருவன். "நானும் பாஸ்தான்டா மாப்ள, ஆல் பாஸ்" என்று சிரித்தான். சர்டிஃபிகேட் வண்டியின் டேஷ்போர்டில் லைசென்ஸோடு லேமினேட் பண்ணி இருக்கிறது. யாரும் ஃபெயில் ஆகாத வருஷத்தில், யார் விட்டுப் போனார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு பட்டியலே இல்லாமல் போய்விட்டது. சாதாரண வருஷமாக இருந்தால் ஹால் டிக்கெட் வாங்க வராதவன், பரீட்சைக்கு ஆப்சென்ட் ஆனவன் என்று யாராவது தேடிப் போயிருப்பார்கள். நமக்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன். இரண்டு வருஷம் தினமும் கேட்ட அட்டெண்டன்ஸ் வரிசை மனப்பாடமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பேராகச் சொல்லி, குரூப்பில் தேடி டிக் அடித்தேன். 44 பேரில் 37 பேர்தான் இருக்கிறார்கள்.

மிச்சம் ஏழு பேர். என் பெஞ்ச்மேட் ஒருவன். ஒரு பெண்ணுக்கு ரிசல்ட் வந்த அடுத்த மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது, இப்போது தேனி பக்கம். ஒருவன் குடும்பத்தோடு திருப்பூர். இரண்டு பேர் ஃபீஸ் கட்ட முடியாமல் பிளஸ் டூவுக்கு அரசுப் பள்ளிக்கு மாறியவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத இன்ஜினியரிங் ஒதுக்கீடு இவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கஷ்டம் வந்த வருஷத்தில் மாறியவர்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இன்னும் இரண்டு பேரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

நம்ம ஸ்கூல் மட்டும் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2020-இல் கிராமங்களில் எடுத்த அசர் சர்வேயில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 61.8 சதவீதத்தில். இது நாடு முழுக்க. மீதி வீட்டுப் பிள்ளைகள் எந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருந்திருப்பார்கள்?

"நமக்கு ஃபேர்வெல் நடக்கல, கல்ச்சுரல்ஸ் நடக்கல, யூனிஃபார்ம்ல கையெழுத்து போட்டுக்கல" என்று நாம் புலம்புவது பொய் இல்லை. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. (தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவதுகூட பிளஸ் ஒன் தமிழ்ப் பேப்பருக்குப் பிறகு இப்போதுதான்.) ஆனால் அந்தப் புலம்பல் நடக்கிற இடமே போன் இருந்தவர்களின் குரூப். "நம்ம பேட்ச்" என்று நாம் சொல்லும்போது 37 பேரை மட்டும் சொல்கிறோம். லாக்டவுன் காலத்தில் அவசரத்துக்குப் போட்ட ஒரு லிஸ்டை, ஐந்து வருஷம் கழித்தும் நம்முடைய வகுப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். இந்த மே, ஜூனில் உங்கள் ஸ்கூல் ரீயூனியன் நடக்கத்தான் போகிறது. மேலூரோ, உசிலம்பட்டியோ, வாடிப்பட்டியோ, எந்த ஊர் ஸ்கூலாக இருந்தாலும் குரூப்பில் மெசேஜ் போடுவதற்கு முன்னால் பிளஸ் ஒன் அட்டெண்டன்ஸை எடுங்கள். ரோல் நம்பர் ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வாருங்கள். பதில் வராத பேருக்கு நேரில் போங்கள். எங்கள் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன், "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கும்பா, வா, தேடித் தர்றேன்" என்றார். திங்கட்கிழமை போகிறேன். அந்த இரண்டு பேருக்கு வீட்டு அட்ரஸாவது கிடைக்கும்.

பெஞ்ச்மேட்டைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமையும் லோடு இருக்கு மாப்ள, மத்தியானம் வர முடியாது. அஞ்சு மணின்னா வண்டிய விட்டுட்டு வந்துர்றேன்" என்றான். குரூப்பில் டைமை மாத்தச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் தம்ஸ் அப். நான்கு பேர் "ஏன்டா, மதியமே ஓகேதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கத்தின் லிங்க்கைத்தான் அனுப்பப் போகிறேன்.