வாயில் மாறினால் வைத்தியமும் மாறுமோ?

ஒரே நோய்க்கு எவ்வைத்தியசாலைக்குச் சென்றாலும் ஒரே சிகிச்சைதான் என்பது நம்மிற் பலரது நம்பிக்கை. அது எப்போதும் மெய்யாவதில்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் காட்டுவேன்.

காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடையின் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தே இதற்கு முதற் சிகிச்சை. இரத்தப்பெருக்கு முதலிய காரணங்களால் அம்மருந்து கொடுக்க இயலாதவர்க்கு, வயிற்றினூடே இருதயத்துக்குச் செல்லும் பெருநாளத்தில், குடைக்கம்பி போன்ற சிறு வடிகட்டியைப் பொருத்திக் கட்டியைத் தடுப்பர்.

கலிபோர்னியா மாநிலத்தில் 2006 முதல் 2010 வரை 263 வைத்தியசாலைகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். இந்நோயாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்கு வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஆயின், ஒருவருக்கேனும் பொருத்தாத வைத்தியசாலையும் உண்டு; நூற்றுக்கு 39 பேருக்குப் பொருத்தியதும் உண்டு! நோயாளரின் நிலையைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேற்றுமை நீங்கவில்லை.

காரணம் யாது? சான்று தெளிவாயில்லாதவிடத்து வழக்கமே விதியாகிவிடுகின்றது. 1998இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், மருந்து பெற்ற 400 நோயாளருட் பாதிப்பேருக்கு வடிகட்டியும் பொருத்தினர். தொடக்கத்திற் சுவாசப்பைக் கட்டிகள் குறைந்தன; ஈராண்டிற் காலிற் கட்டிகள் பெருகின; மரண வீதமோ குறையவில்லை.

மீள எடுக்கத்தக்க வடிகட்டிகளை, ஆபத்து நீங்கியதும் அகற்றுவது பற்றி ஆலோசிக்குமாறு 2010இல் அமெரிக்க அரசின் மருந்து அதிகாரசபை வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே, “எனக்கு இது ஏன் வேண்டும்? மருந்து மட்டும் போதாதா? எப்போது அகற்றுவீர்கள்?” என்று பணிவுடன் வினவுதல் அவமதிப்பன்று. சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது நோயாளியின் நிலையேயன்றி, அவர் நுழைந்த வாயிலன்று.